கிழங்கின் ஊட்டமும் எருவின் உண்மையும்

உருளைக்கிழங்கு தமிழ்நிலத்தில் தோன்றிய பயிர் அன்று. தென்னமெரிக்காவின் ஆண்டீசு மலைத்தொடரில் வாழ்ந்த மக்கள் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர்க் காட்டிலிருந்து எடுத்துக் கழனிக்குப் பழக்கிய கிழங்கு அது. கோயம்புத்தூர் மாவட்ட ஆட்சியராக இருந்த சான் சல்லிவன் என்னும் ஆங்கிலேயர், 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பிற ஐரோப்பியக் காய்கறிகளோடு அதனையும் நீலமலையில் பயிரிடச் செய்தார். வந்த பொருளுக்கு வந்த பெயரையே ஒட்டிக்கொள்ளாமல், அதன் வடிவைக் கண்டு 'உருளைக்கிழங்கு' என்று வழங்கினர் தமிழ்மக்கள். கண்டதைக் கண்டபடி சொல்லும் பெயர் அது. கூட்டலும் அதில் இல்லை, குறைத்தலும் இல்லை. பெயரில் உள்ள அந்த நேர்மை, அக்கிழங்கின் ஊட்டத்தைப் பற்றி இன்று மேடைகளிலும் கடைகளிலும் பேசப்படும் பேச்சில் உண்டா என்பதே இங்கு எண்ணிப் பார்க்க வேண்டுவது.

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சிக்குச் செல்லும் பெருவழியில் உள்ள கீழ்பென்னாத்தூர், நெல்லும் கரும்பும் பூவும், ஊரார் மல்லாட்டை என்று வழங்கும் நிலக்கடலையும் விளையும் வட்டத்தின் தலைமையூர். உருளைக்கிழங்கு அவ்வூரின் பயிர் அன்று. இரவு குளிர்ந்தாலன்றி அக்கொடி நிலத்தடியில் கிழங்கு பிடிப்பதில்லை. வெப்பம் மிகுந்த தாழ்நிலம் அதற்கு ஏலாது. ஆயினும் கிழங்கு இல்லாத கடை அவ்வூரில் இல்லை. நீலமலையில் விளைந்தது மேட்டுப்பாளையத்து மண்டிகளின் வழியாக வருகிறது. கருநாடகத்திலும் குசராத்திலும் ஆக்ராப் பகுதியிலும் விளைந்தது சரக்குந்துகளில் வருகிறது. ஏழை வீட்டுக் குழம்பிலும் கிழங்கு. வெள்ளுவா நாளில் அண்ணாமலையை வலம்வருவோர் உண்ணும் பூரிக்கு உடன்வைக்கும் மசியலிலும் கிழங்கு. ஆகவே அது விளையாத ஊராயினும் அதனைப் பற்றிய உண்மை அவ்வூராருக்கும் வேண்டும்.

இப்பொழுது நகரக் கடைகளில் 'இயற்கை' என்று தாளொட்டி, கூடுதல் விலைக்குக் கிழங்கு விற்கப்படுகிறது. தொழுவுரம் இட்டு விளைந்த கிழங்கில் எல்லா ஊட்டமும் பன்மடங்கு மிகும் என்றும், செயற்கையுரம் இட்டு விளைந்தது வெறுஞ்சக்கை என்றும் விற்போர் கூறுகின்றனர். தமிழ் மரபின்மீது பற்றுடைய அன்பர் பலரும் அதனை ஆராயாமல் திருப்பிக் கூறுகின்றனர். அதன் விளைவு யாது? கூலிக்குச் சென்று திரும்பும் தாய் ஒருத்தி, மலிவான கிழங்கை வாங்கிப் பிள்ளைக்குக் கொடுக்கும்பொழுது சக்கையைக் கொடுப்பதாக மனம் குன்றுகிறாள். கையில் நாலு காசுள்ளவர், ஊட்டத்தை விலைக்கு வாங்கிவிட்டதாக மயங்குகின்றார். மலையில் எரு சுமந்து கிழங்கு விளைவித்த உழவரோ, இல்லாத ஒரு சிறப்புக்காகப் புகழப்பட்டு, உள்ள சிறப்புக்கு உரிய விலை கிடைக்காமல் நிற்கின்றார். ஒரு கூற்று மூவரையும் ஒருங்கே ஏமாற்றுமாயின், அது தமிழின் பெயரால் கூறப்பட்டாலும் தள்ளத்தக்கதே.

முதலில் கிழங்கில் இருப்பது என்ன என்று காண்க. நூறு கிராம் பச்சைக் கிழங்கில் ஏறத்தாழ எண்பது கிராம் நீரே. எஞ்சியதில் பெரும்பகுதி மாப்பொருள். புரதம் ஏறக்குறைய இரண்டு கிராம். 'வைட்டமின் சி' எனப்படும் உயிரூட்டம் இருபது மில்லிகிராம் அளவிலும், பொட்டாசியம் என்னும் சாம்பலூட்டம் நானூறு மில்லிகிராமுக்கு மேலும் உள்ளன. வெளிமமும் இரும்பும் சிறிதளவு உண்டு. இவ்வளவுகள் கிழங்குக்குக் கிழங்கு வேறுபடும். அவ்வேறுபாட்டில் உரத்தின் பங்கு எவ்வளவு என்பதே வினா.

உழவர் மொழியிலேயே இதற்கு விடை தொடங்குகிறது. செடியின் மூன்று தலையாய ஊட்டங்களைத் தழை, மணி, சாம்பல் என்று தமிழர் வழங்குவர். தழையூட்டம் இலையைப் பெருக்கும். மணியூட்டம் வேரையும் வித்தையும் வளர்க்கும். சாம்பலூட்டம் மாப்பொருளைக் கிழங்குக்குக் கொண்டு சேர்க்கும். செயற்கை உப்பாக இடப்படும் தழையூட்டம் நீரில் உடனே கரைந்து வேருக்கு எட்டுகிறது. அளவு மிகுந்தால் தழை கொழுக்கிறது. கிழங்கு முதிர்வது பிந்துகிறது. நீர் மிகுந்து உலர்பொருள் குறைகிறது. செடி பயன்படுத்தி முடிக்காத தழையூட்டம் நைட்ரேட்டு என்னும் உப்பாகக் கிழங்கில் தங்குகிறது. சி உயிரூட்டமும் சிறிது குறைவதுண்டு. ஆனால் அதே தழையூட்டத்தால் புரதத்தின் அளவு உயர்கிறது என்பதையும் மறைத்தல் ஆகாது.

தொழுவுரம் வேறு வகையில் பணி செய்கிறது. அதிலுள்ள தழையூட்டம் மண்ணின் நுண்ணுயிர்கள் மக்கச்செய்த பின்னரே வேருக்குக் கிட்டுகிறது. அது சிறிது சிறிதாக வருவதால் செடி அளவோடு தழைக்கிறது, முன்னதாக முதிர்கிறது. கிழங்கு சிறுத்தாலும் உலர்பொருள் மிகுந்து, வேகவைத்தால் மாவாக மலர்கிறது. நைட்ரேட்டு குறைகிறது, புரதமும் சற்றுக் குறைகிறது. இவ்வாறு ஒன்று ஏற மற்றொன்று இறங்குவதே உண்மை நிலை. எல்லாம் பன்மடங்கு ஏறுவதாகச் சொல்வது கற்பனை. எருவையும் அளவிறந்து கொட்டினால் அதுவும் நைட்ரேட்டை ஏற்றும். மக்காத பசுஞ்சாணம் கிழங்கின் தோலில் சொறிநோய் வருவதற்கும் இடந்தரும். இயற்கையில் கிடைத்தது என்பதனாலேயே ஒரு பொருள் அளவு கடக்கும் உரிமை பெற்றுவிடாது.

இதனை ஆய்வுக் கழனிகளிலும் அளந்து பார்த்துள்ளனர். இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தார் தம் பண்ணையில் உரமுறையைத் தனியாகவும், பயிர்க்காப்பு முறையைத் தனியாகவும் பிரித்து உருளைக்கிழங்கை விளைவித்தனர். பின்லாந்து நாட்டு அறிஞரும் சேர்ந்து அக்கிழங்கின் புரதங்களை ஒவ்வொன்றாகப் பிரித்தறிந்து, 2007-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். பிரித்தறியப்பட்ட ஏறத்தாழ 1,100 புரதங்களில் 160 புரதங்களின் அளவு, எரு இட்டதா செயற்கையுரம் இட்டதா என்பதைப் பொறுத்து மாறியிருந்தது. பூச்சிநஞ்சு தெளித்ததும் தெளிக்காததும் அத்தகைய மாற்றத்தை உண்டாக்கவில்லை. ஆகவே உரம் கிழங்கின் உள்ளமைப்பைத் தொடுகிறது என்பது மெய். ஆயின் அம்மாற்றம் உண்பவருக்கு நன்மையா தீமையா என்பதை அவ்வெண்ணிக்கை சொல்லிவிடாது. எருவில் வளர்ந்த செடி சற்று இடருற்று வளர்ந்ததற்கான குறிகள் அப்புரதங்களில் காணப்பட்டன. மாற்றம் என்பது வேறு. மேம்பாடு என்பது வேறு.

பயிர்கள் அனைத்தையும் ஒருசேர எடுத்து நோக்கிய தொகுப்பாய்வுகளும் உள. 2009-ஆம் ஆண்டில் இலண்டன் ஆய்வாளர் ஐம்பதாண்டு ஆய்வுரைகளைத் திரட்டிப் பார்த்து, இருவகை விளைபொருள்களுக்கும் ஊட்டத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடில்லை என்றனர். 2012-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் இசுடான்போர்டு ஆய்வாளரும், உயிர்ம விளைபொருள் ஊட்டத்தில் உயர்ந்தது என்பதற்கு வலுவான சான்றில்லை என்றனர். பூச்சிநஞ்சின் எச்சம் அதில் குறைவு என்பதை ஒப்புக்கொண்டனர். 2014-ஆம் ஆண்டில் நியூகாசில் அறிஞர் தலைமையில் 343 ஆய்வுரைகளை அலசிய மற்றொரு தொகுப்பு, உயிர்மப் பயிர்களில் உடலணுக்களைக் காக்கும் உயிர்வளியேற்றத் தடுப்பிகள் கூடுதல் என்றது. காட்மியம் என்னும் நச்சுமாழை பொதுவான விளைச்சலைவிடச் சராசரியாக 48 விழுக்காடும், நைட்ரேட்டு 30 விழுக்காடும் குறைவு என்றும், செயற்கை முறையில் விளைந்தவற்றில் பூச்சிநஞ்செச்சம் நான்கு மடங்கு மிகுதியாகத் தென்படுகிறது என்றும் கூறியது. புரதம் உயிர்மப் பயிரில் குறைவு என்பதையும் அது மறைக்கவில்லை.

இம்மூன்றையும் சேர்த்து வைத்து நடுநிலையோடு நோக்கினால் வெளிப்படுவது இதுவே: எரு இட்ட பயிரின் சிறப்பு, அதில் கூடியிருப்பவற்றைக் காட்டிலும் குறைந்திருப்பவற்றிலேயே தெளிவாகத் தெரிகிறது. நஞ்சு குறைவு, நச்சுமாழை குறைவு, நைட்ரேட்டு குறைவு. பாறை மணியூட்டத்தோடு சேர்ந்து வயலுக்கு வரும் காட்மியத்தை எண்ணினால், இக்குறைவு சிறிய நன்மையன்று. அதனைச் சொல்லலாம், உரக்கவே சொல்லலாம். ஊட்டம் பன்மடங்கு என்னும் பொய்யைத் துணைக்கு அழைக்க வேண்டிய தேவையே இல்லை.

மேலும், கிழங்கின் ஊட்டத்தை உரத்தைவிட மிகுதியாக மாற்றுவன வேறு பல உள. ஒன்று, கிழங்கின் இனம். 1968-ஆம் ஆண்டில் வெளிவந்த 'குப்ரி சோதி' வேறு. நடுவண் உருளைக்கிழங்கு ஆய்வகம் அண்மையில் தந்த ஊதாத்தோல் 'குப்ரி நீலகண்டு' வேறு. தோலுக்கு ஊதா நிறந்தரும் பொருளே உயிர்வளியேற்றத் தடுப்பி; எத்தனை வண்டி எரு கொட்டினாலும் வெளிறிய இனம் ஊதாவாகிவிடாது. மற்றொன்று, சேமிப்பு. குளிர்கிடங்கில் சில திங்கள் கிடந்த கிழங்கு தன் சி உயிரூட்டத்தில் பாதியை இழந்துவிடக்கூடும். எருவால் வந்ததாகச் சொல்லப்படும் சிறு மிகுதி அந்த இழப்பின்முன் எம்மாத்திரம்? மூன்றாவது, அடுப்படி. தோலைச் சீவி, துண்டுதுண்டாக நறுக்கி, நீரில் ஊறவிட்டு, வேகவைத்த நீரையும் கொட்டிவிட்டால் உயிரூட்டமும் சாம்பலூட்டமும் அந்நீரோடு போய்விடும். தோலோடு முழுதாக வேகவைத்துப் பின்னர்த் தோலுரிப்பது, காசு செலவில்லாமல் ஊட்டத்தைக் காக்கும் வழி. வெயில் பட்டுப் பச்சை படர்ந்த கிழங்கில் சோலனைன் என்னும் நச்சுப்பொருள் சேரும். எருவில் விளைந்ததாயினும் அதனை ஒதுக்குதலே அறிவுடைமை. கீழ்பென்னாத்தூர்த் தாயொருத்தி தன் அடுப்படியில் செய்யக்கூடிய இச்சிறு செயல்கள், தாளொட்டிய கிழங்குக்குக் கொடுக்கும் கூடுதல் காசைவிட மிகுதியான பயன் தரும்.

அவ்வாறாயின் எரு எதற்கு? தொழுவுரத்தையும் தழையுரத்தையும் விட்டுவிடலாமா? இங்குதான் பேச்சு கிழங்கிலிருந்து மண்ணுக்கு இறங்க வேண்டும். தொழு என்பது மாடு கட்டும் இடம். அங்கு விளைவது தொழுவுரம். உரம் என்னும் சொல்லுக்கு வலிமை என்பது பொருள். யாருக்கு வலிமை? அவ்வலிமையை முதலில் பெறுவது மண். உண்பவரின் உடல் அன்று. திருவள்ளுவரும் உழவைப் பற்றிக் கூறுங்கால் உழுதலினும் எருவிடுதலைச் சிறப்பித்தாரேயன்றி, அவ்வெருவால் உண்பவர்க்கு இன்ன மருந்து கிட்டும் என்று விலைபேசவில்லை. நன்றாக உழுது உலரவிட்ட புழுதி, ஒரு பிடி எருவும் வேண்டாமலே விளைதரும் என்றும் அவரே கூறினார். மண்ணின் நிலையே முதல். எரு அதற்குத் துணை என்பது அவர் கண்ட முறை.

சுவிட்சர்லாந்தில் பாசல் நகரை அடுத்த தெர்வில் என்னும் ஊரில் 1978-ஆம் ஆண்டு தொடங்கிய நெடுங்கால ஆய்வு இதற்கு அளவுகோலாக நிற்கிறது. அதன் 21 ஆண்டு முடிவுகள் 2002-ஆம் ஆண்டில் வெளிவந்தன. உயிர்ம முறைக் கழனிகளில் மண்புழுக்கள் 1.3 முதல் 3.2 மடங்கு வரை மிகுந்திருந்தன. மண்கட்டிகள் மழைக்குக் கரையாமல் நின்றன. உரமும் எரியாற்றலும் 34 முதல் 53 விழுக்காடு வரை குறைவாகவே செலவாயின. ஆனால் பயிர்கள் அனைத்தையும் சேர்த்துப் பார்க்கையில் விளைச்சல் 20 விழுக்காடு குறைந்தது. உருளைக்கிழங்கிலோ அடி பலமாக விழுந்தது: செயற்கை முறையில் நூறு மூட்டை விளைந்த இடத்தில் எருமுறையில் 58 முதல் 66 மூட்டை வரையே விளைந்தது. சாம்பலூட்டக் குறைவும், இலைக்கருகல் நோயும் அதற்குரிய ஏதுக்கள் எனக் கண்டனர். 1845-ஆம் ஆண்டு முதல் அயர்லாந்தில் பத்து இலக்கம் பேரைப் பட்டினியால் மாய்த்த நோயும் அவ்விலைக்கருகலே. இதனை அறியாதவர்போல் மறைத்துவிட்டு, மலையுழவரை நோக்கி 'இன்றே மாறு' என்று கட்டளையிடுவது அறமாகுமா?

நீலமலையின் நிலையை நேரே நோக்குக. அம்மண் காடித்தன்மை உடையது. இரும்பும் அலுமினியமும் மிகுந்தது. இடப்படும் மணியூட்டத்தைப் பற்றிக்கொண்டு வேருக்கு விடாமல் வைத்திருக்கும் மண் அது. அதனாலேயே தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் மலைநிலக் கிழங்குக்கு எக்டருக்குத் தழை 120, சாம்பல் 120 கிலோ என்றும், மணி மட்டும் இருமடங்காக 240 கிலோ என்றும் வகுத்தது. அவற்றோடு 15 டன் தொழுவுரம் இட வேண்டும் என்பதும் அப்பரிந்துரையிலேயே உள்ளது. மக்கிய எருவில் பிறக்கும் காடிகள் இரும்பையும் அலுமினியத்தையும் தம்பால் இழுத்துக்கொள்வதால், சிறைப்பட்ட மணியூட்டம் வேருக்கு விடுதலையாகிறது. எரு தானே ஊட்டமாவதோடு, பிற ஊட்டத்தையும் பயன்படச் செய்கிறது. எருவை விட்டுவிட்டு உப்பை மட்டும் கொட்டியவர், மண்ணுக்குள் காசைப் புதைத்தவரே ஆவர்.

மற்றொரு துயரும் அம்மலைக்கு உண்டு. பொன்னிற முட்டைக்கூடு நூற்புழு நீலமலையில் இருப்பது 1961-ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. வேரை உறிஞ்சும் அப்புழுவின் ஒவ்வொரு கூட்டிலும் நூற்றுக்கணக்கான முட்டைகள் இருக்கும்; பயிரில்லாமலே பல்லாண்டு அவை மண்ணில் உறங்கிக் கிடக்கும். அதனால் நீலமலை விதைக்கிழங்கு பிற நிலங்களுக்குச் செல்லத் தடை வந்தது. நஞ்சுக் குருணைகளை மண்ணில் இட்டும் புழு ஒழியவில்லை. முத்தோரையில் உள்ள ஆய்வு நிலையத்தின் முயற்சியால் அப்புழுவைத் தாங்கும் 'குப்ரி சுவர்ணா' 1985-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதனோடு கிழங்கை ஒரே கழனியில் ஓயாமல் நடாமல், முட்டைக்கோசு, மஞ்சள்முள்ளங்கி, அவரை, பூண்டு என்று பயிரை மாற்றி மாற்றி வைப்பதே வழி என்று கண்டனர். பண்ணைமுறை என்பது உரத்தின் பெயர் மட்டுமன்று. எதன்பின் எது விளைகிறது என்னும் ஒழுங்கும் அதில் அடங்கும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா. சரிவில் மேலிருந்து கீழாகப் பாத்தி பிடித்து, பெருமழைக்கு மேல்மண்ணை இழந்த கழனிக்கு எரு இட்டாலென்ன, உப்பு இட்டாலென்ன? இட்டதெல்லாம் ஓடையில் போகும். சரிவுக்குக் குறுக்கே வரப்பிடுதலும் பயிர்மாற்றமும் எருவும் ஒன்றையொன்று தாங்கி நிற்பன.

2023-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் தமிழ்நாட்டரசு உயிர்ம வேளாண்மைக் கொள்கையை வெளியிட்டது. நீலமலையையே உயிர்ம வேளாண் மாவட்டமாக ஆக்கும் முயற்சியும் அண்மை ஆண்டுகளில் பேசப்படுகிறது. 'அங்ககம்' என்னும் அயற்சொல்லை விடுத்து 'உயிர்ம' என்று தமிழில் வழங்கியது பாராட்டத்தக்கதே. ஆயினும் பெயர் தமிழானால் மட்டும் போதாது. செயல் மண்ணுக்கு ஏற்றதாக வேண்டும். இலங்கையில் நிகழ்ந்ததை மறத்தல் கூடாது. 2021-ஆம் ஆண்டு மே திங்களில் அந்நாட்டரசு வேதியுர இறக்குமதியை ஒரேயடியாகத் தடைசெய்தது. எருவை ஆக்கிவைக்காமலே எருவேளாண்மையைக் கட்டளையிட்டது. நெல்லும் தேயிலையும் விளைச்சல் சரிய, அவ்வாண்டு நவம்பரிலேயே தடையைத் தளர்த்த நேர்ந்தது. கொழுந்து குறைந்தால் முதலில் அடிபடுவது மலையகத் தமிழ்த் தொழிலாளியின் கூலி; உரம் பதுக்கப்பட்டால் முதலில் தவிப்பவர் யாழ்ப்பாணத்துச் செம்மண்ணில் வெங்காயமும் கிழங்கும் வைத்த சிற்றுழவர். எரு என்பது மாட்டாலும் ஆட்டாலும் தழையாலும் காலத்தாலும் ஆக்கப்படுவது. அரசாணைத் தாளில் அது விளையாது.

கோ. நம்மாழ்வார் (1938–2013) தம் வாழ்நாளின் பெரும்பகுதியை இம்மண்ணுக்காகவே நடந்து கழித்தார். உழவர் தம் விதையையும் உரத்தையும் கடனுக்கு வாங்கி அடிமைப்படலாகாது என்பதும், உயிருள்ள மண் கெடலாகாது என்பதும் அவர் சொன்னவற்றின் உள்ளீடு. அவ்விரண்டும் அளவிட்டுக் காட்டத்தக்க உண்மைகள். அவற்றை விட்டுவிட்டு, கடைத்தாளில் அச்சிட்ட ஊட்டக்கணக்கை அவர் பெயரோடு ஒட்டுவது அவருக்குச் செய்யும் சிறப்பாகாது.

இனிக் கீழ்பென்னாத்தூரை நோக்கித் திரும்புக. அங்குக் கிழங்கு விளையாது. ஆனால் எரு விளையும். ஏரிகளின் அடியில் வண்டல் படிந்து கிடக்கிறது. வட்டாட்சியர் இசைவு பெற்று அவ்வண்டலை உழவர் கட்டணமின்றி எடுத்துக்கொள்ளும் நடைமுறையை அரசு 2024-ஆம் ஆண்டில் எளிதாக்கியுள்ளது. அறுவடை முடிந்த கழனியில் ஆட்டுக்கிடை மடக்கும் வழக்கம் முன்னோர் கண்டது. கொழிஞ்சியும் எருக்கும் ஆவாரையும் வரப்போரத்தில் தாமே வளர்கின்றன. மல்லாட்டைப் பிண்ணாக்கு ஊரிலேயே கிடைக்கிறது. கிழங்கின் தாளொட்டுக்காகக் கொடுக்கும் கூடுதல் காசை இவற்றுக்குச் செலவிட்டால், அது ஊர் மண்ணிலேயே தங்கும்.

உண்பதைப் பற்றியும் ஒரு சொல். உணவில் ஊட்டம் வேண்டுவோர், ஒரே கிழங்கை எவ்வுரத்தில் விளைவிப்பது என்று வாதிடுவதினும், எப்பயிரை உண்பது என்று எண்ணுதல் மேல். நூறு கிராம் கேழ்வரகில் எலும்புக்கு வேண்டிய சுண்ணம் முந்நூறு மில்லிகிராமுக்கு மேல் உண்டு. உருளைக்கிழங்கில் பத்து மில்லிகிராம் அளவே. உலகில் எந்த எருவும் இந்த இடைவெளியை நிரப்பாது. அதே திருவண்ணாமலை மாவட்டத்தின் சவ்வாது மலையில் சாமை விளைகிறது. வீட்டுக் கொல்லையில் முருங்கை நிற்கிறது. கிழங்கு வயிற்றை நிரப்பும் நல்லுணவு; சாம்பலூட்டமும் தரும். அதனை இழிக்க வேண்டா. ஆனால் அதனிடம் இல்லாததை அதன்மேல் ஏற்றியும் கூற வேண்டா. கூழும் கீரையும் இருந்த தட்டில் கிழங்கு மட்டுமே எஞ்சியதுதான் ஊட்டக் குறைவின் வேர்.

ஆகவே செய்ய வேண்டுவன சில. 'இயற்கை' என்று விற்கும் பொருளில் ஊட்டம் பன்மடங்கு என எழுதுவோர் அதற்கு ஆய்வுச் சான்று காட்ட வேண்டும். காட்டாதவரைத் தமிழ்மக்கள் கேள்வி கேட்க வேண்டும். நஞ்செச்சமும் காட்மியமும் எவ்வளவு என்பதை அரசு ஆய்வகங்கள் சந்தைக் கிழங்கில் அளந்து, அதனைத் தமிழில் பொதுமக்கள் அறிய வெளியிட வேண்டும். எருமுறைக்கு மாறும் மலையுழவருக்கு விளைச்சல் குறையும் ஆண்டுகளில் அரசே ஈடு தர வேண்டும். அவர் காப்பது தம் கழனியை மட்டுமன்று. கீழே பவானியிலும் மாயாற்றிலும் இறங்கும் நீரையும் அவரே காக்கின்றார். அக்காவலுக்குரிய விலையை ஏழையின் கிழங்கு விலையில் ஏற்றுதல் முறையன்று. நாடு முழுதும் பகிர்ந்து சுமக்க வேண்டிய சுமை அது.

தமிழில் கலந்த அயற்சொற்களைக் களைவோர், சொல்லில் மட்டும் தூய்மை தேடுபவர் ஆகார். அரிசியில் கல் கலந்தால் பொறுக்கும் கை, செய்தியில் பொய் கலந்தாலும் பொறுக்க வேண்டும். தமிழன் கண்டது, முன்னோர் சொன்னது என்னும் முன்னுரையோடு வரும் பொய்யை முதலில் களைய வேண்டும். ஏனெனில் அது பின்னொரு நாள் பொய்யென மெய்ப்பிக்கப்படும்பொழுது, முன்னோர் கண்ட மெய்களும் அதனோடு சேர்த்து எள்ளி நகைக்கப்படும். எருவைப் போற்றுவோர் மண்ணின் பொருட்டுப் போற்றுக. நீரின் பொருட்டுப் போற்றுக. நஞ்சில்லா உணவின் பொருட்டும், உழவரின் விடுதலையின் பொருட்டும் போற்றுக. இவை நான்கும் எவராலும் மறுக்கவொண்ணாதவை. ஐந்தாவதாக ஒரு கற்பனை எருவுக்கு வேண்டுவதில்லை.